பின்மிதி

றிஸ்மி நானா இரும்பை நிறுத்து வாங்குகிறவர்.
இதை மட்டும் தராசில் ஏற்றவில்லை.
"டயரப் பாரும்மா, ரொட்டிக்குப் பிசைஞ்ச மா மாதிரி"
என்று ஒன்பதாயிரம் கேட்டு
ஏழுக்கு இறங்கினார்.

தலவாக்கலை பாலத்தடியில் என் பஞ்சர் கடை.
காற்றடிக்க வந்தவர்கள் எல்லோரும்
குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்:
துரை சைக்கிள்.
தடித்த டயர், மாட்டுக்கொம்பு ஹேண்டில், நடுவே
பெட்ரோல் டேங்க் மாதிரி ஒரு வெற்றுப் பெட்டி.
வெற்றுப் பெட்டிக்குக் காசு கொடுக்க
துரையைவிட்டால் யார்?

நெற்றியில் பட்டயம் இல்லை.
இரண்டு துளை மட்டும், மேலும் கீழுமாக.
தையல்கடை தவமலரின் அளவு நாடாவில்
இரண்டேகால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.
கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சின் அடியில்
மண்ணெண்ணெய் விட்டுப் பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
ஓர் எழுத்து, ஐந்து இலக்கம்.
முதல் இலக்கம் மூன்றா எட்டா என்பதில்
வெல்டிங் சிவநேசனுக்கும் எனக்கும்
இரண்டு நாள் பேச்சில்லை.

சிவப்பைச் சுரண்டினால் பச்சை,
லயத்துக் கதவுக்கு அடிக்கிற அதே பச்சை.
அதன் கீழே கறுப்பு.
கறுப்புக்கும் கீழே, நகத்தளவு இடத்தில்,
முட்டைக்கோது நிறத்தில் ஒரு கோடு.
யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது.
அரத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்தார்.
படம் பார்த்திருக்கிறார்.
"துரை சைக்கிள்தானே?
கதை சரியென்றால் ஒன்றரை லட்சம்."
அதில் கதை எவ்வளவு, சைக்கிள் எவ்வளவு என்று
பிரித்துக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றிரவு பின்சக்கரத்தின் குடத்தைத் திறந்தேன்.
கையில் பிரேக் இல்லாத வண்டி இது.
பெடலைப் பின்னால் மிதித்தால்
குடத்துக்குள் பித்தளை இறுக வேண்டும்.
உள்ளே கிரீஸ் என்று ஒன்று இல்லை.
அடிப்பிடித்த பால்சோற்றுச் சட்டி மாதிரி
எரிந்து, கறுத்து, ஒட்டிக் கிடந்தது.
ஒரு நாள் எரிந்ததல்ல.
எரிய, பூச, மறுபடி எரிய.
பங்களா வாசலில் வட்டமடித்தால்
இப்படி எரியாது.

பிறகு தூக்கம் வரவில்லை.
டோர்ச் அடித்துப் பார்க்கிறேன்:
இடது கைப்பிடி தேய்ந்திருக்கிறது, வலது புதுசு.
சீட்டில் உட்காரும் இடம் அப்படியே இருக்கிறது,
மூக்கு மட்டும் சவர்க்காரக் கட்டியாக வழவழ.
காரியரில் மூன்று ஒட்டு.
"ஸ்டோரு பிட்டர் கை" என்றான் சிவநேசன், காலையில்,
கோபத்தை மறந்து.
ஏற்றத்தில் பாரத்தோடு தள்ளி
இறக்கத்தில் மட்டும் ஏறின ஆள்.
துரை எதையும் தள்ளமாட்டார்.

இந்த அளவு டயர் இனி இல்லை என்றார்கள்.
"மலை சைக்கிள் டயர்னு கேளுங்க அக்கா, அதே சைஸ்"
என்றான் லொறிக்காரன் சுமனபால.
மலையிலிருந்து புறக்கோட்டைக்கு இறங்கிப்போய்
மலை டயர் வாங்கி வந்தேன்.

கொழும்புக்காரருக்கு உள்ளதைச் சொன்னேன்.
"அப்படியென்றால் யாருடையது?"
தள்ளினவருடையது.
"பெயர்?"
தெரியாது.
அறுபதாயிரம் என்றார்.
யோசிக்கிறேன் என்றேன்.
கடை வாடகை இரண்டு மாதம் பாக்கி,
யோசிக்கத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, சுமனபாலவின் லொறியில்
நானுஓயா வரை ஏற்றிப்போய்
அங்கிருந்து விட்டேன் கீழ்நோக்கி.
டயர் குழிகளை விழுங்கிக்கொண்டே போனது.
தேயிலை ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம்,
பின்மிதி, பின்மிதி,
காதில் காற்று, கண்ணில் நீர்,
ராதெல்ல தாண்டி ஏதோ ஒரு வளைவில்
குடம் புகைந்தது.
கருவாடு கருகுகிற வாடை.

சாய்த்து வைத்து ஆறவிட்டேன்.
பார்த்தால் ஸ்பேனர் பையைக் காணோம்,
மேல் வளைவிலேயே விழுந்திருக்கிறது.
தள்ளிக்கொண்டு ஏறினேன்.
இடக்கை கைப்பிடியில்.
வலக்கை, நான் சொல்லாமலே,
சீட்டின் மூக்கில்.

பெடல் வந்து கெண்டைக்காலில் குத்தியது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
இந்த வளைவுக்கு
அது புதிதாக இருந்திருக்காது.