விலக்கப்பட்டவர்: ஒருவர்

கட்டுரை வந்துவிட்டது.
பதினோரு பக்கம், நான்கு அட்டவணை.
என் பெயரின் தோளில் சின்னதாய் ஓர் எண்,
அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் நாகர்கோவில்.

இதயத்தைத் தைத்து முடித்தபின்
ரத்தத்தை மறுபடி உறையச் சொல்ல
எவ்வளவு மருந்து போதும்?
ஆறு வருடம் இதை மட்டுமே கேட்டேன்.
குறைந்தாலும் கசியும், கூடினாலும் கசியும்.
வழக்கமாய்க் கொடுப்பதைவிடக் கொஞ்சம் குறைவு
என்று சொல்ல நூற்றுப்பத்தொன்பது நெஞ்சுகள்.

சேர்ந்தவர்கள் நூற்றிருபது.

சம்மதப் படிவம் வாசித்த அன்று
அருமனையிலிருந்து வந்திருந்தார்கள், தாஸ்நேவிசும் ரோஸ்லெட்டும்.
அவருக்கு வால்வு சுருங்கியிருந்தது.
அவள் நகக்கண்களில் ரப்பர் கறை.
இயந்திரத்துக்குள் ஓடும்போது
ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் என்றேன்.
"அமோனியா" என்றாள்.
முடிந்தபின் அதை முறிக்கப் புரோட்டமின்.
"அப்போ ஆசிட்டு. கூடுனா ஷீட்டு கெட்டுப்போவும் டாக்டரே,
பாத்து ஊத்தணும்."
என் கருதுகோள் இவ்வளவுதான்.
நாற்பத்திரண்டு மேற்கோள்களில் அவள் இல்லை.

எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று அவர் கேட்டார்.
ஒன்று பன்றிக் குடல், மற்றது மீனின் விந்து.
"ஞாயித்துக்கெழம எங்க சட்டியும் அதாம்"
என்று சிரித்து, மூச்சு வாங்கி,
கையெழுத்துப் போட்டார், பேனாவைக் கத்திபோல் சாய்த்துப் பிடித்து.

நின்ற இதயம் மறுபடி துடித்தது.
மருந்து உள்ளே போயிற்று.
உறையும் நேரத்தைச் சொல்லும் பெட்டியில்
பிழை என்றொரு சொல். திரும்பப் போட்டோம். பிழை.
மாற்றுப் பெட்டி பழுதுபார்க்கத் திருவனந்தபுரம் போயிருந்தது.
கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் வாங்கி
கையுறையோடு மூடிய உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்,
சுவர்க் கடிகாரம் பார்த்தபடி.
தொண்ணூறு. சாய்த்தேன், ஓடியது.
நூற்றுப்பத்து. ஓடியது, சோம்பலாக.
அறையில் யாரும் பேசவில்லை.
நூற்று இருபத்தெட்டு:
கவிழ்த்தேன்.
விழவில்லை.

மற்ற நூற்றுப்பத்தொன்பதும் திரையில் தெரிந்த எண்கள்.
உறைவதை நான் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான்.
கையின் சூட்டுக்குக் கட்டுரையில் அலகு கிடையாது.
எடுத்துவிட்டேன். ஒருவர் குறைவது ஏன் என்று
விமர்சகர் கேட்டபோது
எழுதிய பதில் ஐந்து சொல்:
அளவீடு இல்லாததால் ஒருவர் விலக்கப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வந்தார்கள்.
மழை, அதனால் வெட்டு இல்லை.
"பேப்பர் வந்தாச்சாமே, நான் எங்க நிக்கேன்?"
இரண்டாம் அட்டவணைக்குக் கீழே
பொடி எழுத்தைக் காட்டினேன். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி.
"நட்சத்திரமா!" என்றார் அவர்.
மேசைக்கு இந்தப் பக்கம் வந்து
பக்கத்து நாற்காலிக்காரரிடமும் காட்டினார்.

ரோஸ்லெட் என்னைத் தமிழில் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
"அளக்காமலா இவர மூடித் தச்சிய?"

இல்லை, கையில் வைத்துப் பார்த்தேன் என்றேன்.
அது கணக்கில் சேராது என்றும் சொன்னேன்.
அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.
"டிஷ்ல பால் ஒறஞ்சுதான்னு நாங்களும்
வெரல் வச்சுத்தான் பாப்போம்" என்று
என் வலக்கையை இழுத்து விரித்து
நடுவில், லேசாக,
அமுக்கிப் பார்த்தாள்.