இன்னும் இல்லை

ஜெலுத்தோங் சாலை மிருக வைத்தியர் கிளினிக்கில்
தராசு தரையோடு தரையாகக் கிடந்தது.
கயா ஏறி நின்று
யாரோ மேடை போட்டுக் கொடுத்ததுபோல் வாலாட்டினாள்.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
இருபத்திரண்டு போதும் என்றார் டாக்டர் ஊய்,
கணினியைப் பார்த்தபடி.
நான் கைப்பையை என் வயிற்றின்மேல் நகர்த்திக்கொண்டேன்.

விலா எலும்பைத் தொட்டுக் காட்டுங்கள் என்றார்.
தடவினேன். அழுத்தினேன்.
மெத்தைக்கு அடியில் தொலைந்த சாவியைத்
துழாவுவதுபோல் இருந்தது.
இருக்கிறது என்று நம்பத்தான் வேண்டும்.

என்ன சாப்பிடுகிறாள்?
காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம்.
சத்தியம் செய்யாத குறை.
அவர் சிரிக்கவில்லை.
ஒரு நோட்டு வாங்குங்கள்,
வாய்க்குள் போவதையெல்லாம் ஒரு வாரம் எழுதுங்கள்.

கேட்டில் நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன், பேனாவோடு.
ஒருவரும் ஒளிக்கவில்லை, பாவம்.
செவ்வாய் காலை ஆறே முக்கால்: ரொட்டி சானாய், கருகிய ஓரம் மட்டும்
(ஜைலானி கடைப் பையன், பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தான்).
அதே நாள் மத்தியானம்: பாவ், தோல் பாதி.
புதன்: பாவ், தோல் முழுசு.
சாயங்காலம்: கெம்போங் மீன், தலை, வறுத்தது.
என் வீட்டுக்காரர் சந்திரகாசன்
ஃபெர்ரி வேலை முடிந்து வந்து எழுதியது:
பிஸ்கட், சில.
சில என்றால் எத்தனை என்று கேட்டேன்.
சில என்றால் சில என்றார்.

எங்கள் லோரோங்கில் யாரும் வணக்கம் சொல்வதில்லை.
பசியாறிட்டியா என்பதுதான் வணக்கம்.
சியா பா புவே என்பார் எதிர்வீட்டு ஆ ஹூன், மடியில் பாவ் பொட்டலத்தோடு.
சூடா மாக்கான் என்பார் பாக் ரஸாலி,
வேலிக்கு அப்பாலிருந்து, தொட்டுவிடாமல்,
நீளக் கரண்டியை நீட்டிக்கொண்டே.
மூன்று மொழியும் தெரிந்த நாய்.
மூன்றிலும் அவளுக்கு ஒரே பதில்:
இன்னும் இல்லை.

வியாழன் இரவு பதினொன்று இருபது: தோசை, இரண்டு.
கையெழுத்தைப் பார்த்தேன்.
என்னுடையது.
வெள்ளி, தோசை, இரண்டு. சனி, ஒன்றரை.
கதிரவன் ஜொகூருக்கு வேலைக்குப் போய்ப் பதினான்கு மாதம்.
தோசைக்கல்லுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பிறகு கிராம் தராசு வந்தது.
கண்ணளவு பொய் சொல்லும் என்றார் டாக்டர்,
என் கண்ணைத்தான் சொன்னார்.
பட்டினி போடாதீர்கள், அவசரப்படாதீர்கள், மெல்ல இறங்கட்டும்.
நொறுக்குத் தீனிக்குப் பதில் வெள்ளரிக்காய்.
வேகவைத்த பீன்ஸ், உப்பில்லாமல்.
கயா பீன்ஸை முகர்ந்தாள்,
படையல் என்று நினைத்தாளோ என்னவோ, தொடவே இல்லை.
மூன்றாம் நாள் யாரும் பார்க்காதபோது தின்றாள்.

ஆ ஹூனுக்கு என்மேல் கோபம்.
கேட்டுவிட்டுக் கொடுக்காமல் போவது பாவம் இல்லையா?
ஒரு வாரம் எங்கள் பக்கமே திரும்பவில்லை.
பிறகு ஒருநாள் வந்து,
கேள்வியை மட்டும் கேட்டு,
காதுக்குப் பின்னால் வெகுநேரம் சொறிந்துவிட்டுப் போனார்.

விடியுமுன் கடலோரப் பாதை.
முதல் வாரம் இரண்டாவது விளக்குக்கம்பத்தோடு
உட்கார்ந்துவிட்டாள்.
நானும்தான்.
தூரத்தில் பாலத்தில் லாரிகள்,
இங்கே நாங்கள் இருவர், மூச்சு வாங்கிக்கொண்டு,
ஒரு பாட்டில் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்டு.

ஐந்து மாதம். இருபத்தாறு புள்ளி எட்டு.
இடையில் ஒரு மாதம் ஏறியதும் உண்டு,
தீபாவளி மாதம், அதை விசாரிக்க வேண்டாம்.
போன ஞாயிறு மைவியின் பின்சீட்டில்
தானே தாவி ஏறினாள்.
கதவைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்,
தூக்கக் குனிந்த முதுகு குனிந்தபடியே.

நேற்று ராத்திரி டிவி முன்னால்
சும்மா தடவிக்கொண்டிருந்த கைக்கு
ஒன்று தட்டுப்பட்டது, வளைந்து, மெலிசாக.
அசையாமல் வைத்திருந்தேன் விரலை.
அவள் மூச்சுக்கு அது ஏறி இறங்கியது.
என்ன சொல்வது என்று தெரியாமல்
வாய்தவறிக் கேட்டுவிட்டேன்,
பசியாறிட்டியா?

எழுந்து அடுப்படிக்கு ஓடினாள்,
முன்னைவிட வேகமாக.