மூன்று மில்லிமீட்டர்

முதலில் காற்றின் மேல் பழி போட்டேன்.
ரோஸ் ஹில்லில் அது சுலபம்.
ஜூலை வந்தால் தென்கிழக்கிலிருந்து
கூப்பிடாமல் வரும், துரத்தினாலும் போகாது.

பிறகு விசிறிகளின் மேல்.
நான்கையும் கழற்றிப் புதிது மாட்டிப் பறக்கவிட்டேன்.
திரையில் கோர் த கார்த் மலை
தட்டில் ஏந்தி வந்த கடற்பாசியாய்
அப்போதும் தளதளத்தது.

கரும்பு வெட்டிய காட்டில்
கருங்கல் குவியல் ஒன்றில் மோதி விழுந்து
மூன்று வாரம்.
கீறலை எச்சில் தொட்டுத் துடைத்து
ஒன்றுமில்லை என்று
எனக்கு நானே சான்றிதழ் கொடுத்திருந்தேன்.
சொன்னால் வெட்கம்:
பிழைப்புக்கு நான் செய்வது பொய்ப்பற்கள்.
ஒரு கடைவாய்ப்பல் மயிரிழை உயர்ந்தால்
முழுத் தாடையும் இரவெல்லாம் அழும் என்று
அறிந்த கை இது.

ஞாயிறு. சாப்பாட்டு மேசை.
விசிறியில்லாமல் மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன்.
திருப்புளி முனையை ட்ரோனின் கையில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்டேன்.
ஒன்று: தேனீ.
இரண்டு: தேனீ.
மூன்று: விக்கல் எடுத்த தேனீ.
சுழலும்போது அதன் நுனி
ஒரு புள்ளியாக நிற்காமல்
சின்னப் புகைவளையமாகத் தெரிந்தது.
நான்கை மரியாதைக்குக் கேட்டேன்.

தொலைபேசியில் ழெர்வே:
"குறடால் பிடித்து நிமிர்த்திவிடு."
பஸ் ஓட்டுகிறவன், அவன் வண்டிக்கு அது போதும்.
நிமிர்த்திய தண்டு நேராவதில்லை,
வளைவு பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும், அவ்வளவே.

ட்ரோனைக் கவிழ்த்தேன். நான்கு திருகுகள்.
அடியில் தண்டைப் பிடித்திருக்கும் வளையம்
கொசுவின் காதணி அளவு.
நெம்பினேன். டிங்.
சுவரா, பாத்திரமா, கடலா, தெரியாது.
மண்டியிட்டுத் தேடினேன். துடைப்பத்தால் தேடினேன்.
கைபேசி வெளிச்சத்தைத் தரையோடு படுக்கவைத்துத் தேடினேன்.
கிடைத்தவை: ஒரு மிளகு,
போன வருஷத்துத் தோட்டின் திருகாணி.

சூடு காட்டினால் காந்தங்களின் பசை இளகும்.
வைஸில் வைத்து, ஆலன் சாவியால்,
தண்டை மெல்ல மெல்ல வெளியே தள்ளினேன்.
பின்னால் விளக்கு வைத்துக் கண்ணாடி மேல் உருட்டினேன்.
தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில்
வெளிச்சம் ஒரு நூல்கூட நுழையவில்லை.
நேர். ஆலையிலிருந்து வந்த அன்றைய நேர்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கவிழ்த்த பொருளில் வலது இடதாகும்.
தினமும் யார் யார் வாயின் அச்சையோ
கவிழ்த்துப் பார்த்து வேலை செய்பவள்
மூன்று என்று நினைத்து ஒன்றைத் திறந்திருக்கிறேன்.
நல்லவன் வயிற்றைக் கிழித்துவிட்டு
நோயாளியை வரிசையில் நிற்கவைத்திருக்கிறேன்.

சரியானதைத் திறந்தேன்.
இந்த முறை உள்ளங்கையால் மூடிக்கொண்டு.
கண்ணாடியில் உருண்டபோது
தண்டின் கீழே வெளிச்சம்
திறந்தது, மூடியது, திறந்தது,
தூக்கத்தை நடிக்கிறவன் இமை போல.

புதுத் தண்டு சீனாவிலிருந்து வர ஆறு வாரம்.
அலமாரியில் செத்த சி.டி. டிரைவ் ஒன்று இருந்தது.
அதன் கண் முன்னும் பின்னும் போய்வர
ஓர் எஃகுத் தண்டவாளம்:
மூன்று மில்லிமீட்டர், அளவுகோல் சத்தியமாக.
பல் அறுக்கும் வைரத்தட்டால் வெட்டினேன்.
வளையம் உட்காரும் பள்ளத்தை
மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன்.
முதல் இரண்டு குப்பைக்குப் போயின.
மூன்றாவதில் பள்ளம் பள்ளமானது.

திங்கள் மாலை லாம் கடை.
வளையம் ஒன்று வேண்டும் என்றேன்.
ஒன்றாக விற்பதில்லை, பொட்டலம் இருபது என்றார்,
முட்டைக்குச் சொல்கிற அதே குரலில்.

இரண்டையும் பூட்டினேன்.
மூன்று: தேனீ.
ஒன்றை, ஓட்டுமுன், சும்மா விரலால் சுழற்றினேன்.
சோற்றில் மணல் கடிபட்டது போல
உள்ளே க்ரிச்.
மறுபடி கழற்றிப் பார்த்தால்
காந்தத்தில் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது,
ஞாயிறு முழுக்க
நான் தரையில் தேடிய வளையம்.

பொட்டலத்தில் மீதி பத்தொன்பது.
போட்டேன். இருபது.