ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு இரவுகள்

திருமங்கலம் கோர்ட்டில்
மொழிபெயர்ப்பு என் உத்தியோகம்.
வரப்புத் தகராறு, ஆட்டுத் திருட்டு,
பொதுக்கிணற்றில் யார் முதலில் கமலை கட்டுவது.
கப்பல் வந்தது ஒரே ஒரு முறை,
நாற்பத்தாறு மாசி மாதம்.

நான்கு பக்கம் தட்டச்சு,
பம்பாய்த் துறைமுகத்தின் ஊதா முத்திரை.
எஸ்.எஸ். கோர்ஸ்டன்: சேவை விவரம்.
நான் கடலைப் பார்த்ததில்லை.
வைகையில் தண்ணீரையே
வருஷத்தில் பாதி நாள் பார்த்ததில்லை.

பயணிகளுக்காகக் கட்டியது. அறுநூறு பேர், பியானோ ஒன்று.
நாற்பதில் சர்க்கார் எடுத்துக்கொண்டது.
வெள்ளையின் மேல் சாம்பல் பூசினார்கள்,
பியானோவை இறக்கினார்கள்,
அறுநூறு பேர் இடத்தில்
இரண்டாயிரத்து நூறு பேரை அடைத்தார்கள்.
'துருப்பு ஏற்றும் கப்பல்' என்று எழுதினேன்.
மூட்டையைத்தானே ஏற்றுவோம் என்று அடித்தேன்.
யோசித்துவிட்டு
மறுபடி 'ஏற்றும்' என்றே எழுதினேன்.

பம்பாய், பாஸ்ரா. பம்பாய், சூயஸ்.
போகையில் பஞ்சாபிகள், கூர்க்காக்கள்;
வருகையில் இத்தாலியக் கைதிகள், காயம்பட்டவர்கள்,
ஒருமுறை எண்ணூறு கோவேறு கழுதைகள்.
'விளக்கின்றிச் சென்றது' என்ற வாசகம்
பதினேழு தடவை.

மேஜையின் மறுபக்கம்
சிந்துபட்டி ஸ்டேஷன் புத்தகம்.
பின்னத்தேவன், த/பெ கழுவத்தேவன்.
ரேகைச் சட்டப்படி
இரவில் ஸ்டேஷனில் வந்து படுக்க வேண்டியவன்.
ராதாரிச் சீட்டு வாங்காமல் ஊரைத் தாண்டியவன்.
ஆஜர் இல்லை.
ஆஜர் இல்லை.
ஏட்டு சலிக்காமல் எழுதியிருந்தார்
ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு இரவுகள்.
நடுவில் ஏட்டு மாறி, கையெழுத்து மாறிற்று.
வாசகம் மாறவில்லை.

"ராத்திரியெல்லாம் எங்கே இருந்தாய்?"
"கரி அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன் சாமி."
"சாட்சி?"
"கப்பல்தான்."

கப்பலின் காகிதத்தில் அவனைத் தேடினேன்.
சிப்பந்திகள்: நூற்று எண்பத்து நான்கு.
அவ்வளவுதான்.

மூன்றாம் பக்கத்தை உரக்க வாசித்தேன்.
நாற்பத்துநாலு, ஜூன் ஒன்பது. ஏடனுக்குக் கிழக்கே
கொதிகலன் அறையில் தீ.
துருப்புகளுக்குச் சேதம் இல்லை.
கரிக்காரர் ஐவர் மரணம்.
தாமதம்: ஆறு மணி நேரம்.

கூண்டிலிருந்து குறுக்கே ஒரு குரல்:
"நோவாகாளி அசீமுல்லா. சில்ஹெட் கலா மியா.
அவன் தம்பி துது மியா. ஆலப்புழை வர்க்கி.
இன்னொருத்தன் ஏடன்ல ஏறின பய,
பேரு கேக்கறதுக்குள்ள..."

மாஜிஸ்திரேட் பேனாவை உயர்த்தினார்.
வழக்குக்குச் சம்பந்தமில்லை.
அதற்குள் என் கை
ஓரத்தில் நாலு பெயரை எழுதிவிட்டிருந்தது.
ஐந்தாவதற்கு ஒரு கோடு போட்டேன்.

விடுவிப்புச் சான்றிதழில்
நடத்தை: மிக நன்று.
கீழே இடது பெருவிரல்.
ஸ்டேஷன் புத்தகத்திலும் அதே விரல்.
நிபுணர் கண்ணாடி வைத்துப் பார்த்தார்:
கப்பலில் வைத்த ரேகையில்
நடுவே கொஞ்சம் வெந்து வழுவழுத்திருக்கிறது,
மற்றபடி ஆள் இவனே.
அது ஒன்றில்தான் இரு தரப்பும் ஒத்துப்போயின.

யுத்த சேவையை முன்னிட்டுக் கருணை.
அபராதம் ஐந்து ரூபாய்.

வாசல் படியில் கேட்டான்,
"கடைசித் தாள்ல என்ன போட்டிருக்கு?"
கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று,
மறுபடி வெள்ளை பூசுகிறார்கள் என்றேன்.
"கோரைச்சாமிக்கா! வெள்ளையா!" என்று சிரித்தான்.
மூன்றரை வருஷம் அவன் நாக்கில்
அதற்கு அதுதான் பெயர்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.
சட்டம் அப்போதும் இருந்தது.
சிந்துபட்டிக்குப் பத்து மைல்,
அந்நேரத்துக்கு வண்டி கிடையாது.
துண்டை உதறித் தோளில் போட்டான்.
ராத்திரி ஆஜராகணும் என்று
ஓட்டமும் நடையுமாகப் போனான்.