ஒரு வண்டி அகலப் பாலம்

நம்புலாவிலிருந்து கிளம்பிய சாப்பா வண்டியில்
பதினைந்து பேர் இருக்கைக்கு இருபத்து மூன்று பேர்,
ஒரு கோழி, மாவு மூட்டைகள்,
பிறகு நாங்கள் நால்வர்:
செலஸ்தீனா, பூகோள வாத்தியார் அம்ப்ரோசியோ,
உசுஃபு, நான்.
உசுஃபுவும் நானும் பேசி ஏழு வாரம்.
எண்ணூறு மெதிக்கல் கடன்.
யார் யாருக்கு என்பதில்தான் தகராறு.

கடலைத் தாண்டி மொசாம்பிக் தீவுக்கு
மூன்று கிலோமீட்டர் பாலம்.
ஒரு வண்டி அகலம்.
எதிரே ஏதும் தெரிந்தால்
பக்கவாட்டில் புடைத்திருக்கும் சின்ன மேடையில்
ஒதுங்கி வழிவிட வேண்டும்.
எங்கள் ஓட்டுநர் ஒதுங்குகிற ஆளில்லை.
மீன் லாரிக்காரரும் அப்படியே.
நட்டக் கடலில் மூக்கோடு மூக்கு நின்று
கண்ணாடியை இறக்கி
ஒருவர் தாயை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள்.
சிரிப்பு முட்டி உசுஃபுவைப் பார்த்தேன்.
அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோட்டையில் வழிகாட்டிப் பையன்
எங்கள் கரையின் கதையை
எங்களுக்கே போர்த்துக்கீசில் ஒப்பித்தான்.
ஆண்டுகளை மட்டும் மூச்சுவிடாமல்.
இரண்டு இடத்தில் அம்ப்ரோசியோ திருத்தினான்.
பையன் தலையாட்டிவிட்டு
பழையபடியே சொன்னான்.
பீரங்கியின் வாய்க்குள் யாரோ
பிளாஸ்டிக் பாட்டில் செருகியிருந்தார்கள்.

"இவ்வளவு கல் எங்கிருந்து?"
கேட்டவள் செலஸ்தீனா.
பையன் தெற்கே கை காட்டினான்.
அங்கே தோண்டினார்கள்,
இங்கே கட்டினார்கள்.
அந்தப் பாடம் அவன் ஒப்பித்ததில் இல்லை.

போய்ப் பார்த்தோம்.
தெரு மேலே ஓடுகிறது.
தென்னோலைக் கூரைகள்
நம் முழங்காலுக்கு வருகின்றன.
வீட்டுக்குப் போக இறங்க வேண்டும்.
பள்ளத்திலிருந்து ஒருத்தி நிமிர்ந்தாள்,
முகமெல்லாம் முசிரோ மரம் உரைத்த வெள்ளைப் பூச்சு.
"படம் எடுத்தால் ஐம்பது.
உட்கார்ந்து தேநீர் குடித்தால் சும்மா."
குடித்தோம். சர்க்கரை தாராளம்.
மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்றான் அம்ப்ரோசியோ.
"மழை முதலில் இங்கேதான் இறங்கும்.
விருந்தாளிதானே. என்ன,
திரும்பிப் போகத்தான் மறந்துவிடும்."
அவள் கைப்பேசி அலறியது.
எங்களை மறந்து
அரை மணி நேரம் தங்கையைத் திட்டினாள்.

பிற்பகல், வற்றிய கடல்.
பிள்ளைகள் சல்லடையால் மணலைச் சலித்தார்கள்.
மூழ்கிய கப்பல்கள் இன்னும் கக்கும்
கண்ணாடி மணிகள்: கடுகளவு,
சிவப்பு, கறுப்பு, வெளிறிய பச்சை.
நரம்பில் கோத்துச் சரமாக விற்கிறார்கள்.
"அந்தக் காலத்தில் இதைக் கொடுத்து
என்ன வாங்கினார்கள்?"
சின்னவன் விரல் மடக்கினான்:
"தந்தம். பொன். ஆள்."
மூன்றுக்கும் ஒரே குரல்.
"இப்போது சரம் நூறு.
உங்களுக்கு எண்பது."

கழுத்தில் போட்டிருந்த சரத்தை
செலஸ்தீனா கழற்றினாள்.
திருப்பித் தரவும் இல்லை.
காசைக் கொடுத்து
கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.
அம்ப்ரோசியோ வெகு நேரம்
ஒரு நண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் ஒன்று எடுத்திருந்தேன்.
பையில் துழாவினால் சில்லறை இல்லை.
உசுஃபு பேசாமல்
என் எண்பதையும் சேர்த்து நீட்டினான்.
இப்போது கடன்
எண்ணூற்று எண்பதா, எழுநூற்று இருபதா?
வாய்வரை வந்த கணக்கை
உப்புக்காற்றோடு விழுங்கினேன்.

திரும்பும்போது அதே ஓட்டுநர்.
அதே கோழியும்கூட, விலைபோகாமல்.
பாலத்தின் நடுவே தூரத்தில் ஒற்றை விளக்கு.
கல்யாண வீட்டு நாற்காலிகள் அடுக்கிய
மூன்று சக்கர வண்டி.
என்ன தோன்றியதோ அந்த மனிதருக்கு,
தானாகவே ஒதுங்கி இன்ஜினை அணைத்தார்.
அலை சத்தம் உள்ளே வந்தது.
நாற்காலிகள் எங்களை உரசியபடி
மெல்ல மெல்லக் கடந்தன.

"அமிசீனா" என்றான் உசுஃபு,
ஏழு வாரம் கழித்து.
"கொஞ்சம் நகரேன்.
கோழி நசுங்குகிறது."

நகர்ந்தேன்.