பதினேழு இஞ்ச்

நீலசந்திரா அரசுப் பள்ளியில் வார்டு கூட்டம்.
நான்கரை என்று போட்டு ஆறுக்குத் தொடங்கியது.
இணை ஆணையர் சுனந்தா ஹிரேமட் கன்னடத்தில் பேசுவார்,
நான் தமிழில் சொல்ல வேண்டும்.
அதற்குத் தனிப் படி கிடையாது.
கந்தாயப் பிரிவு இரண்டாம் நிலை உதவியாளனின்
தாய்மொழி அரசாங்கத்துக்கு இலவசம்.

திரையில் மூன்றே வரி.
ஒன்று, வீடு.
இரண்டு, ரோடு, கால்வாய், குழாய்.
மூன்று, நகரத்தின் வளர்ச்சி.
'ஆத்யதெ' என்றார்.
முதலில் வருவது, அவ்வளவுதான் அந்தச் சொல்.
என் வாயில் அது 'முன்னுரிமை' ஆகிவிட்டது.
உரிமை என்று அவர் சொல்லவே இல்லை.
மைக்கில் போனதைத் திரும்ப வாங்க முடியுமா?
முன்வரிசையில் நாலு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கெட்டவர் இல்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.
எட்டு மாதம் தூங்கிய காத்தா கோப்புகளை
ஒரே சனிக்கிழமையில் எழுப்பியவர்.
ஒப்பந்தக்காரர் வைத்துவிட்டுப் போன இனிப்புப் பெட்டிக்கு
ரசீது எழுதச் சொன்னவர்.
வொய்ட் டாப்பிங் ரோட்டைப் பற்றிச் சொல்லும்போது
புது குக்கர் வாங்கின வீட்டின் வெளிச்சம் அவர் முகத்தில்.
முப்பது வருஷம் குழி விழாதாம்.
'முப்பது வருஷம்' என்றேன் நானும்,
நம்பித்தான் சொன்னேன்.

அமுலு எழுந்தாள்.
பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் காஜா எடுக்கிறவள்.
கழுத்தில் இஞ்ச் டேப்,
கழற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"மேடம், மூணாவதா வளர்ச்சின்னீங்க.
எங்க ரோடு நல்லாத்தான் வளருது.
நான் கல்யாணமாகி வந்தப்ப
படி ஏறி வீட்டுக்குள்ள போனேன்.
அப்புறம் தாரு, தாரு மேல தாரு, இப்ப சிமெண்ட்டு.
இப்ப எறங்கிப் போறோம்.
பதினேழு இஞ்ச்சு.
மழை வந்தா அதுவும் எங்ககூட எறங்கி வருது.
உங்க ரெண்டாவது வந்து
ஒண்ணாவது மேல ஏறி உக்காந்திருக்கு மேடம்."

என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.
சாலை மட்டம் தொடர்பாக ஒரு கோரிக்கை, என்றேன்.
ஒரே வரி.
கை கொஞ்சம் வியர்த்தது.

அமுலு என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.
பிறகு கன்னடத்தில் ஆரம்பித்தாள்,
படி, தாரு, சிமெண்ட்டு, மழை, ஒன்று விடாமல்.
என்னைவிட நல்ல கன்னடம்.
அந்த அறையில் எல்லாருக்கும் கன்னடம் தெரியும்,
நாற்பது வருஷமாக ரேஷன் கடையில் சண்டை போட்ட கன்னடம்.
நான் எதற்கு அங்கே நின்றேன் என்று
யாரும் கேட்கவில்லை. அதுவே மரியாதை.

சுனந்தா மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
சந்துக்குள் வந்தார்.
டேப்பின் ஒரு முனையை ரோட்டு விளிம்பில் அவர் பிடித்தார்,
மறுமுனை வாசலில் அமுலு.
மொபைல் வெளிச்சம் நான்.
பதினேழு. ஒரு நூல்கூடக் குறையவில்லை.

"கோப்பில் இஞ்ச் கூடாது மேடம்" என்றார் உதவிப் பொறியாளர்.
கணக்குப் போட்டார். நாற்பத்து மூன்று.
"ரவுண்டா நாற்பது சென்டிமீட்டர்."
அந்த நேரம் பார்த்து மேடத்துக்கு மேலிடத்து போன்,
காலையில் முதலீட்டாளர் கூட்டம்,
மூன்றாவது வரிக்கு.

பஸ்ஸில் அந்த மிச்ச மூன்றை
என் விரலில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு கணுவும் கொஞ்சமும்.
தரையில் ஒருக்களித்துத் தூங்கும் பிள்ளைக்கு
மூக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று
யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.
ஷாந்திநகரில் இறங்க வேண்டியவன் இறங்கவில்லை.

நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்வது என் வேலை.
43.18 என்று அடித்தேன்.
"அந்தப் பதினெட்டு எதற்கு?" என்றார்.
"டேப்பில் இருந்தது மேடம்."
பேனா மூடியைத் திறந்தார்.
எண்ணின் மேல் நிற்கிறார்
இன்னும்.