தலைப்பு இல்லாச் செலவு

பாதீடு ஒரு வாக்கால் தப்பியது.
தேநீர் வந்தது; வடை போதவில்லை.

அங்கீகரித்த ஆளணி: சாரதி பதினொன்று.
இருப்பது ஆறு.
மிச்சம் ஐந்தையும் வெற்றிடம் என்று
வருடாவருடம் நான்தான் தட்டச்சு செய்கிறேன்;
அந்த ஐவருக்கும் எனக்குள் முகம் வந்துவிட்டது.

மரியநாயகத்துக்கு முகம் உண்டு, கட்டம் இல்லை.
பதினாலு வருடமாக அமைய ஊழியர்.

நேற்றிரவு சந்தைக் குப்பையில் மேய்ந்த மானொன்று
பஸ் நிலையத்துக்குப் பின்னால் கிடந்தது,
வயிறு முட்டப் பொலித்தீன்.
டச்சுக்குடா வெளிக்குமுன்
தனியாளாய்க் குழி வெட்டிப் புதைத்திருக்கிறார்.

மூன்று மணித்தியாலம் மேலதிக நேரம்.
"எந்தத் தலைப்பில போடுறது?" என்கிறார் கணக்காளர்.

மானுக்குத் தலைப்பில்லை.
மண்வெட்டிக்கு உண்டு.

பிடி மாற்றியது என்று எழுதினேன்.
விலை கொஞ்சம் கூடத்தான்.